அளவுப் பலகையை மடக்கச் சொன்னவர்களுக்கு

ஆய்வு நிதிக் குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

"பதினோராம் வயதுச் சுற்றுடன் இவ்வாய்வு இனிதே நிறைவுபெறுகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். பிள்ளைகளைப் பிறந்ததிலிருந்து பின்தொடர்ந்துவரும் எங்கள் ஆய்வை நிறுத்தச் சொல்லிப் போன மாதம் வந்த அந்தக் கடிதத்தில் மற்ற வரிகளெல்லாம் கணக்கு வழக்கு. இந்த ஒரு வரியைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. குடம் நிறைந்தால் நிறைவு என்று சொல்லலாம். பாதிக் குடத்தில் குழாயை மூடிவிட்டு, போதாக்குறைக்கு "இனிதே" என்றும் சேர்த்துக்கொள்வது என்ன நியாயம்?

நான் யார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆய்வறிக்கைகளின் கடைசிப் பக்கத்தில் "களப்பணியாளர்களுக்கு நன்றி" என்று ஒரு வரி வருமே, அந்த வரிக்குள் அடங்கிய எட்டுப் பேரில் ஒருத்தி. பிள்ளைகள் பிறந்த வாரத்திலிருந்து அவர்கள் வீட்டு வாசலில் நின்றவள். உயரம், எடை, தலைச்சுற்றளவு எடுத்தேன். எத்தனை சொற்கள் பேசுகிறது, எத்தனை மணி நேரம் தூங்குகிறது, அம்மா வேலைக்குப் போனால் யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று எழுதிக்கொண்டேன். வீட்டில் சண்டை சச்சரவு உண்டா என்று, கேட்க நாக்கூசும் கேள்விகளையும் கேட்டேன். பதினொரு ஆண்டு ஓடிவிட்டது. மூன்று வயதில் என்னைப் பார்த்ததும் ஊசி போட வந்தவள் என்று அலறிய பிள்ளைகளுக்கு ஏழு வயதில் நான் "அளக்கிற அக்கா". இப்போது சில பிள்ளைகள் என்னைவிட உயரம்.

உயரம் அளப்பதில் என்ன இருக்கிறது என்று நினைப்பீர்கள். செருப்பைக் கழற்றி, குதிகால், புட்டம், தோள்பட்டை மூன்றும் பலகையில் படிய நிற்கவைக்க வேண்டும். கண்குழியின் கீழ்விளிம்பும் காதுத் துளையின் மேல்விளிம்பும் ஒரே கிடைக்கோட்டில் வரும்படி தலையைப் பிடிக்க வேண்டும். மூச்சை இழுக்கச் சொல்லி, தலைக்கட்டையை இறக்கி, முடியை அமுக்கி, மில்லிமீட்டர் வரை படிக்க வேண்டும். பிறகு பிள்ளையை இறக்கிவிட்டு மறுபடி ஏற்றி, முதல் எண்ணை மறந்துவிட்டு, இரண்டாம் முறை. இரண்டுக்கும் வித்தியாசம் கூடுதலாக இருந்தால் மூன்றாம் முறை. காலையில் எடுத்த உயரமும் மாலையில் எடுத்த உயரமும் ஒன்றாக இராது. நாள் முழுக்க நின்றும் நடந்தும் முதுகெலும்பு அமுங்கி ஒரு சென்டிமீட்டர் வரை குறையும். ஆகவே மணியையும் குறிக்க வேண்டும். ஒன்பது வயதுப் பையன்கள் எல்லோருமே குதிகாலைத் தூக்குவார்கள். அதற்காகவே ஒரு கையால் அவர்கள் கணுக்காலைப் பிடித்துக்கொள்ளப் பழகியிருக்கிறேன்.

இந்தப் பதினோராம் வயதுச் சுற்றில் ஒரு சிறுமி குதிகாலைத் தூக்கவில்லை, கூனினாள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் நிமிர்ந்து நின்று "நான்தானே வகுப்பிலேயே உயரம்?" என்று கேட்ட அதே பெண். தோளைக் குறுக்கி, தலையைத் தாழ்த்தி, கைகளை முன்னால் கட்டிக்கொண்டு நின்றாள். நிமிரச் சொன்னேன். நிமிர்ந்தாள். எண்ணைப் படித்து எழுதும்போது, அம்மா அடுக்களைக்குள் போகும்வரை பொறுத்திருந்து, மெல்லக் கேட்டாள்: "இதையெல்லாம் யார் யார் பார்ப்பார்கள்?"

பத்து ஆண்டுகளாக ஒரு பிள்ளையும் அதைக் கேட்டதில்லை. நான் படிவத்தை நிரப்பியபடியே, பெயர் இல்லாமல் எண்ணாக மட்டும் போகும் என்று பதில் சொன்னேன். ஆனால் திரும்பி வரும் வழியெல்லாம் அந்தக் கேள்விதான் மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது. இதுவரை நாங்கள் பின்தொடர்ந்த குழந்தை முடிந்து, வேறொருத்தி தொடங்குகிறாள். அவள் தொடங்கும் இடத்தில் எங்களை நிறுத்துகிறீர்கள்.

முடிவுக்கு நான்கு காரணங்கள் சொல்லியிருக்கிறீர்கள். குழந்தைப் பருவத் தரவு போதுமான அளவு சேர்ந்துவிட்டது. வளரிளம் பருவத்தினரைத் தனியாக, ஒரே முறை, வேறொரு குழுவில் ஆய்ந்துகொள்ளலாம். தேவையானால் இவர்களே வளர்ந்தபின் பழையதை நினைவுகூரச் சொல்லிக் கேட்கலாம். பதின்வயதில் பலர் விலகிப் போவார்கள், செலவுக்கேற்ற பலன் இராது. முதல் காரணத்தை விட்டுவிடுகிறேன். போதுமா போதாதா என்பது எதற்குப் போதும் என்பதைப் பொறுத்தது; அதை நீங்கள் கடிதத்தில் சொல்லவில்லை.

ஒரே முறை வேறொரு குழுவை அளந்தால் போதும் என்ற எண்ணத்துக்கு எளிய பதில் உண்டு. அது 250 ஆண்டுப் பழசு. பிரான்சில் கெனோ த மோம்பெய்யார் என்பவர் 1759இல் பிறந்த தம் மகனை ஏறத்தாழ ஆறு மாதத்துக்கு ஒருமுறை, 1777 வரை, பதினெட்டு ஆண்டுகள் விடாமல் அளந்தார். ஒரே ஒரு பையன். நிதிக் குழு இல்லை, வினாப்படிவம் இல்லை. அவருடைய நண்பரான இயற்கையியலாளர் பூஃபோன் அந்த அளவுகளைத் தம் இயற்கை வரலாற்றுத் தொகுதிகளின் பிற்சேர்க்கையில் அச்சிட்டார். 1927இல் ஸ்காமன் என்ற அமெரிக்க உடற்கூறியலாளர் அவற்றை மெட்ரிக் அளவுக்கு மாற்றி மறுபடி வெளியிட்டார். அந்தப் பையன் ஆண்டுக்கு எவ்வளவு வளர்ந்தான் என்று கோடு போட்டால், பிறந்ததிலிருந்து வேகம் குறைந்துகொண்டே வந்து, பதின்வயதில் சட்டென்று மலைபோல் எழுந்து, மறுபடி சரிகிறது. பூப்புக்காலப் பாய்ச்சல் என்று இன்று பாடநூல்களில் படிக்கிறோமே, அதுதான். மனித வளர்ச்சியைப் பற்றிய நூல்களில் இன்றும் முதல் படமாக அது வருவதைப் பார்க்கலாம்.

இதே பாய்ச்சலை, ஒரே நாளில் ஆயிரம் பிள்ளைகளை வயது வாரியாக அளந்து கண்டுபிடிக்க முயன்றால் அது பாதி காணாமல் போகும். ஒருத்திக்குப் பத்து வயதில் பாய்ச்சல், இன்னொருத்திக்குப் பன்னிரண்டில், மூன்றாமவளுக்குப் பதினான்கில் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருத்தியும் செங்குத்தாக ஏறுகிறாள். மூவரையும் சேர்த்துச் சராசரி எடுத்தால், பத்திலிருந்து பதினான்கு வரை நீளும் ஒரு மேடு வருகிறது. அந்த மேட்டில் மூவரில் ஒருத்தியும் நடக்கவில்லை. மானிடவியலாளர் ஃப்ரான்ஸ் போவாஸ் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே இதைச் சுட்டிக்காட்டிவிட்டார். உயரத்துக்கே இப்படி என்றால், மனச்சோர்வுக்கும் துணிச்சலுக்கும் படிப்பில் விழும் சரிவுக்கும் கேட்கவே வேண்டாம். குழந்தைப் பருவத்தில் இரண்டு பிள்ளைகளுக்கு ஒரே வயது என்றால் ஏறக்குறைய ஒரே கட்டம். பதின்வயதில் ஒரே வகுப்பில், ஒரே பெஞ்சில், ஒருத்தி குழந்தை, ஒருத்தி பெரியவள். வயதைக் கேட்டு எழுதினால் போதாது. அவளுடைய பாய்ச்சல் எப்போது தொடங்கியது என்று தெரிந்திருக்க வேண்டும். அதற்கு அவளுடைய முந்தைய உயரங்கள் வேண்டும். அவை இப்போது இருப்பது எங்கள் பேரேட்டில்.

வளர்ந்தபின் நினைவுகூரச் சொல்லலாம் என்கிறீர்கள். சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். டானியல் ஆஃபர் என்ற அமெரிக்க உளமருத்துவரின் குழு 1962இல் பதினான்கு வயதுப் பையன்களிடம் வீட்டைப் பற்றி, பெற்றோரைப் பற்றி, நட்பு, மதம், தண்டனை பற்றியெல்லாம் கேட்டுப் பதிவு செய்திருந்தது. 34 ஆண்டுகள் கழித்து, அவர்களுக்கு 48 வயதானபோது, 67 பேரைத் தேடிப் பிடித்து, "பதினான்கு வயதில் இதற்கு என்ன பதில் சொல்லியிருப்பீர்கள்?" என்று கேட்டார்கள். வந்த பதில்களும் பழைய பதில்களும் ஒத்துப்போன அளவு, காசைச் சுண்டிப் பார்த்துச் சொன்னால் எவ்வளவு ஒத்துப்போகுமோ அவ்வளவுதான். அவர்களில் ஒருவரும் நோயாளி இல்லை. எல்லோரும் மனநலத்தோடு இருந்தவர்கள். பொய் சொல்லும் நோக்கமும் இல்லை. நடுவயது ஆணொருவர் தம் பதின்வயதைத் தமக்கே புதிதாக எழுதிக்கொள்கிறார், அவ்வளவுதான். நீங்களும் நானும் அதைத்தான் செய்கிறோம். இன்று கேட்காத கேள்விக்கு இருபது ஆண்டு கழித்துக் கிடைக்கும் பதில் வேறொருவருடைய பதில்.

இங்கே கொஞ்சம் விலகிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வினாப்படிவத்தின் மூன்று வயதுப் பகுதியில், "உங்கள் குழந்தை எந்த வயதில் முதல் அடி வைத்தது?" என்று ஒரு கேள்வி உண்டு. அதற்கு முன்னரே, பத்தாம் மாதத்திலும் பன்னிரண்டாம் மாதத்திலும் நான் நேரில் போய்ப் பார்த்துக் குறித்திருக்கிறேன். ஆகவே இரண்டு பதில்கள் கையில் இருந்தன. எத்தனை அம்மாக்கள் இரண்டு மாதம் முன்தள்ளிச் சொன்னார்கள் தெரியுமா? அன்பினால்தான். இரண்டே ஆண்டில் இப்படி.

வளரிளம் பருவத்துக்குள் தொடர்ந்து சென்ற ஆய்வுகள் இல்லையென்றால் இன்று நமக்கு என்னென்ன தெரியாமல் போயிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972, 73இல் பிறந்த 1,037 பிள்ளைகளை மூன்று வயதில் தொடங்கி, பதினைந்து வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, பிறகு 18, 21, 26, 32, 38, 45 வயதுகளில் பார்த்துவருகிறார்கள். அந்தத் தரவை வைத்துத்தான் உளவியலாளர் டெரி மாஃபிட் 1993இல் பதின்வயதுக் குற்றச் செயல்களைப் பற்றி முன்வைத்த கருத்து எல்லோரையும் யோசிக்கவைத்தது. பதினைந்து வயதில் இரண்டு பையன்கள் ஒரே தவறைச் செய்கிறார்கள். ஒருவனுடைய தொல்லை மூன்று வயதிலேயே தொடங்கியது, வளர்ந்தபின்னும் தொடரக்கூடியது. மற்றவனுடையது பதின்வயதில் தொடங்கி, பெரும்பாலும் அதோடு அடங்கிவிடுவது. அவர்களைப் பதினைந்தில் மட்டும் பார்த்தால் இருவரும் ஒன்றே. பதினொன்றோடு நிறுத்தியிருந்தால் இரண்டாமவன் கண்ணிலேயே பட்டிருக்க மாட்டான். நீதிமன்றத்திலும் பள்ளித் தலைமையாசிரியர் அறையிலும் இரண்டு பேரையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பதா என்பது சின்னக் கேள்வியா?

ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எமி வெர்னரும் ரூத் ஸ்மித்தும் தொடர்ந்தார்கள். வறுமை, பிறப்புச் சிக்கல், குடும்பக் குலைவு என்று பல சுமைகளை ஒன்றாகச் சுமந்து பிறந்த பிள்ளைகளில் மூன்றில் இரண்டு பங்கினர் பத்து வயதுக்குள்ளோ பதினெட்டுக்குள்ளோ படிப்பிலோ நடத்தையிலோ மனநலத்திலோ இடறினார்கள். மீதி ஒரு பங்கினர் நல்ல முறையில், தன்னம்பிக்கையோடு வளர்ந்தார்கள். உலகம் அந்த ஒரு பங்கினரைப் பற்றித்தான் அதிகம் பேசியது. எனக்கோ மற்ற இரண்டு பங்கினரின் கதைதான் பெரிதாகப் படுகிறது. முப்பது, நாற்பது வயதில் போய்ப் பார்த்தபோது, பதின்வயதில் இடறியவர்களில் பெரும்பாலோர் எழுந்து நின்றிருந்தார்கள். பதினெட்டில் ஆய்வை முடித்திருந்தால், அந்தப் பிள்ளைகள் தோற்றவர்கள் என்றே ஏட்டில் இருந்திருப்பார்கள். எங்கே நிறுத்துகிறோமோ அங்கே ஒரு தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது, நாம் எழுத நினைக்காவிட்டாலும்.

மார்ஷ்மெல்லோ மிட்டாய்க் கதையைக் கேள்விப்படாதவர் குறைவு. நான்கு வயதுக் குழந்தை முன்னால் மிட்டாயை வைத்து, பொறுத்திருந்தால் இரண்டு கிடைக்கும் என்று சொல்லும் சோதனை. ஸ்டான்ஃபோர்டில் வால்டர் மிஷெல் செய்தது. பொறுத்திருந்த குழந்தைகள் பதின்வயதில் படிப்பில் முன்னணியில் இருந்தார்கள் என்று பிறகு செய்தி வந்தது. பின்தொடர்ந்த எண்ணிக்கை சிறிது, குழந்தைகளெல்லாம் ஒரே வளாகத்துப் பாலர் பள்ளியில் படித்தவர்கள். ஆனாலும் அது பெற்றோர் வகுப்புகளிலும் மேலாளர் வகுப்புகளிலும் வேதவாக்காகிவிட்டது. அதைத் திருத்தியது இன்னொரு நெடுங்கால ஆய்வு. அமெரிக்காவில் 1991இல் பத்து இடங்களில் பிறந்த 1,364 குழந்தைகளைப் பதினைந்து வயது வரை தொடர்ந்த ஆய்வு அது; குழந்தைக் காப்பகங்களின் விளைவை அறியத்தான் தொடங்கினார்கள். அதே தரவில் 918 பிள்ளைகளை எடுத்து டைலர் வாட்ஸ் குழு 2018இல் பார்த்தபோது, பொறுமைக்கும் பதினைந்து வயதுப் படிப்புக்கும் உள்ள தொடர்பு பழைய செய்தியில் சொன்னதில் பாதிதான் இருந்தது. குடும்பப் பின்னணியையும் சிறுவயதுத் திறனையும் கணக்கில் எடுத்ததும் அதிலும் மூன்றில் இரண்டு பங்கு கரைந்துபோனது. மிட்டாய் ஆய்வுக்காக யாரும் அந்தத் தரவைச் சேர்க்கவில்லை. பதினைந்து வயதுவரை போனதால் அது பயன்பட்டது. "இந்தத் தரவால் குறிப்பாக எந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும்?" என்று உங்கள் படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறதே, அதை நிரப்பும்போதெல்லாம் எனக்கு இந்த நினைவுதான் வரும்.

இனி விலகிப் போகிறவர்களைப் பற்றி. இது என் தொழில். இதில் உங்களைவிட எனக்குக் கொஞ்சம் கூடவே தெரியும் என்று சொன்னால் தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பிள்ளைகள் விலகுவதற்கு முன் வீடு மாறுகிறது. வாடகை ஏறினால், அப்பா வேலை மாறினால், பெற்றோர் பிரிந்தால், யாராவது நோயில் விழுந்தால் வீடு மாறும். ஆகவே காணாமல் போகிற பிள்ளைகள் ஏனோதானோவென்று காணாமல் போவதில்லை. நாம் யாரைப் பற்றி அதிகம் தெரிந்துகொள்ள வேண்டுமோ அவர்களே முதலில் நழுவுகிறார்கள். மிஞ்சுபவர்கள் ஒரே வீட்டில் இருப்பவர்கள், தொலைபேசி எண் மாறாதவர்கள், படிவத்தை அன்றே நிரப்பி அனுப்புகிறவர்கள். அவர்களை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் உலகமே ஒழுங்காக இருப்பதுபோல் தெரியும். நானும் சக பணியாளர்களும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் மூன்று தொடர்பு எண்களை வாங்கி வைப்போம்: பாட்டி, பக்கத்து வீட்டார், அம்மாவின் தோழி. பாட்டிதான் தங்கம். பாட்டிகள் எண்ணை மாற்றுவதில்லை, எங்கே போனார்கள் என்று மறைப்பதும் இல்லை. இந்தப் பட்டியல் ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்கப்பட வேண்டும். ஓராண்டு விட்டால் ஓட்டை விழும், மூன்றாண்டு விட்டால் பட்டியலே கந்தல்.

விலகுவார்கள் என்பது விதி இல்லை. டனீடினில் 45 வயதில் உயிரோடிருந்த 997 பேரில் 938 பேர் வந்தார்கள், நூற்றுக்கு 94. வேறு நாடுகளில் குடியேறியவர்களுக்கு விமான டிக்கெட் எடுத்துக் கொடுத்து வரவழைக்கிறார்கள். பிரிட்டனில் 1946 மார்ச் மாதத்தின் ஒரே வாரத்தில் பிறந்தவர்களைப் பற்றி முதலில் பேறுகாலச் செலவை அறிய ஒரே ஒருமுறை கேட்பதாகத்தான் இருந்தது. ஜேம்ஸ் டக்ளஸ் அவர்களில் 5,362 பேரைத் தொடர்ந்து பார்க்கத் தொடங்கினார். எண்பது வயதை நெருங்கியும் அந்தக் குழு கலையவில்லை. ஆண்டுதோறும் பிறந்தநாள் அட்டை போகிறது. ஒரு அட்டையின் செலவு என்ன என்று உங்கள் கணக்காளரிடமே கேட்டுப் பாருங்கள்.

விட்டுப்போன சுற்றை மறுபடி பிடிக்க முடியாது என்பதற்கும் பிரிட்டனிலிருந்தே சாட்சி. 1970இல் பிறந்தவர்களின் பதினாறு வயதுச் சுற்று 1986இல் நடந்தபோது ஆசிரியர் போராட்டம் குறுக்கே வந்தது. பள்ளிகள் வழியாக வரவேண்டிய விவரங்களில் பெரும்பகுதி வரவில்லை. ஆய்வு இன்றும் தொடர்கிறது, அந்தப் பிள்ளைகள் ஐம்பதைத் தாண்டிவிட்டார்கள். ஆனால் பதினாறு வயதில் இருக்க வேண்டிய அந்த ஓட்டை ஓட்டையாகவே இருக்கிறது. ஒரு சுற்று தவறியதற்கே இப்படி.

பெரிய திட்டங்களும் மூடப்பட்டிருக்கின்றனவே என்று நீங்கள் சொல்லக்கூடும். ஆம். ஒரு லட்சம் பிள்ளைகளைப் பிறப்புக்கு முன்னிருந்து இருபத்தொரு வயது வரை தொடர்வதாக அமெரிக்காவில் போட்ட திட்டத்தை 2014 டிசம்பரில் மூடினார்கள். எண்பதாயிரம் குழந்தைகளுக்குப் போட்ட பிரிட்டன் திட்டம் தொடங்கிய ஆண்டிலேயே, 2015இல், கைவிடப்பட்டது. அவை வாசற்படியிலேயே தடுக்கி விழுந்தவை. போதிய குடும்பங்களைச் சேர்ப்பதற்கே திணறியவை. எங்களிடம் பிள்ளைகள் இருக்கிறார்கள். பதினொரு ஆண்டு அளவுகள் இருக்கின்றன. அமெரிக்காவிலேயே பிறகு தொடங்கிய மூளை வளர்ச்சி ஆய்வு, 11,800க்கும் மேற்பட்ட பிள்ளைகளை ஒன்பது, பத்து வயதில்தான் சேர்த்துக்கொண்டது, பதின்வயதைப் பார்ப்பதற்காகவே. அவர்கள் தொடங்கிய வயதில் நீங்கள் முடிக்கிறீர்கள். அந்தப் பிள்ளைகள் வயிற்றில் இருந்த காலத்தைப் பற்றி அவர்கள் பெற்றோரின் நினைவைத்தான் கேட்க வேண்டியிருந்தது. எங்களிடம் அன்றன்று எழுதியது இருக்கிறது.

பணம் இல்லை என்று சொன்னால் அது எனக்குப் புரியும். அதைத் திறந்து சொல்லுங்கள், நிறைவு என்று பூசி மெழுக வேண்டாம். குறைந்த பணத்தில் செய்யக்கூடியதைச் செய்வோம். நான்கு நாடுகளில் 12,000 பிள்ளைகளைத் தொடரும் 'யங் லைவ்ஸ்' ஆய்வு, 2020இல் பெருந்தொற்று வந்து வீடுகளுக்குப் போக முடியாதபோது தொலைபேசியில் கேட்டது. ஆண்டுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை உயரமும் எடையும், பதினான்கிலும் பதினேழிலும் மட்டும் முழுச் சுற்று. இதற்குப் பட்ஜெட் போட்டு எங்கள் தலைமை ஆய்வாளரிடம் கொடுத்திருக்கிறேன். அவர் உங்களுக்கு அனுப்பினாரா என்று தெரியவில்லை. தயங்கியிருப்பார், நல்ல மனிதர்.

அதுவும் முடியாதென்றால், பட்டியலையாவது உயிரோடு வைத்திருக்க அனுமதியுங்கள். குவாத்தமாலாவின் நான்கு கிராமங்களில் 1969 முதல் 1977 வரை குழந்தைகளுக்குச் சத்துக் கஞ்சி கொடுத்து ஓர் ஆய்வு நடந்தது. ஒப்பிடுவதற்காக அவற்றில் இரண்டு கிராமங்களில் கஞ்சிக்குப் பதில் வெறும் பானம். 1977இல் மூடிவிட்டார்கள். பதினோர் ஆண்டு கழித்து, 1988இல், அதே பிள்ளைகளைப் பதின்வயதிலும் இளமையிலும் தேடிப் பிடித்தார்கள். பிறகு 2002 முதல் 2004 வரை மறுபடி. இரண்டு வயதுக்குள் கஞ்சி கிடைத்த ஆண்கள், மற்ற கிராமங்களில் வளர்ந்தவர்களைவிட மணிக்கு 46 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. யார் எந்த வீட்டில் பிறந்தார், எந்தக் கோப்பையிலிருந்து எவ்வளவு குடித்தார் என்ற ஏடு பத்திரமாக இருந்ததால் அது முடிந்தது. எங்கள் முகவரிப் பேரேடு இப்போது ஒரு அட்டைப்பெட்டியில், "அழிக்கப்பட வேண்டியவை" என்ற சீட்டு ஒட்டப்பட்டு, மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது.

பழைய மாதிரியே தொடரவும் நான் கேட்கவில்லை. இது உங்களுக்குச் சொல்வதைவிட எங்களுக்கே சொல்லிக்கொள்ள வேண்டியது. இதுவரை ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டது அம்மா அல்லது அப்பா. குழந்தை தலையாட்டியது. வயிற்றில் இருந்தபோதே சேர்க்கப்பட்ட பிள்ளை, தான் ஒரு ஆய்வில் இருப்பதை முழுதாக உணரும் வயது இப்போதுதான் வருகிறது. அவளிடம் புதிதாகக் கேட்க வேண்டும், வேண்டாம் என்று சொல்லும் வழி உண்மையாகவே திறந்திருக்க வேண்டும். அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்க, "யாராவது உன்னைத் துன்புறுத்துகிறார்களா?" என்று கேட்பதில் பொருள் இல்லை, அவளே படித்து, அவளே எழுதி, அவளே உறையை ஒட்டித் தர வேண்டும். அவள் எழுதியதில் அவள் உயிருக்கு ஆபத்து தெரிந்தால் நாங்கள் என்ன செய்வோம், யாரிடம் சொல்வோம் என்பதை முன்கூட்டியே அவளுக்குச் சொல்லியாக வேண்டும். பிரிஸ்டல் நகரத்தில் 1991, 92இல் பிறந்த பிள்ளைகளைத் தொடரும் ஆய்வில், பதின்வயதுப் பங்கேற்பாளர்களையே கொண்ட ஆலோசனைக் குழு அமைத்து, கேள்விகளையும் அழைப்புக் கடிதங்களையும் அவர்களிடம் காட்டிக் கருத்துக் கேட்டார்கள். சிறுவயதில் விழுந்த பால்பற்களை அனுப்பிவைத்த அதே பிள்ளைகள்! எங்கள் பிள்ளைகளும் கருத்துச் சொல்வார்கள். வினாப்படிவத்தின் ஏழாம் பக்கம் குழந்தைத்தனமாக இருக்கிறது என்று ஒரு பையன் ஏற்கெனவே சொல்லிவிட்டான். அவன் சொன்னது சரி.

இன்னொன்றும் செய்தாக வேண்டும். பதினொரு ஆண்டாக அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டே இருந்தோம். என்ன தெரிந்தது என்று ஒரு பக்கத்தில், புரியும் மொழியில் எழுதி, அவர்கள் கையில் ஒருமுறைகூடக் கொடுக்கவில்லை. கூனி நின்ற அந்தச் சிறுமி "யார் பார்ப்பார்கள்?" என்று கேட்டபோது, "நீயும் பார்க்கலாம்" என்று சொல்ல எனக்கு வழியில்லாமல் போனது. அவளுடைய பதினொரு உயரங்களையும் ஒரே கோட்டில் போட்டு அவளிடம் நீட்டியிருந்தால், தான் ஏன் திடீரென்று எல்லோரையும்விட உயர்ந்து நிற்கிறாள், இது எப்போது சரியாகும் என்பது அவளுக்குப் பாதியாவது புரிந்திருக்கும். அந்தக் கோட்டை இப்போது நானே சதுரக்கட்டத் தாளில் பென்சிலால் போட்டு வைத்திருக்கிறேன். விதிப்படி இது சரியா என்று தெரியவில்லை. நெறிமுறைக் குழுவிடம் எழுதிக் கேட்டிருக்கிறேன்.

உங்கள் அடுத்த கூட்டம் வரும் மாதம் என்று அறிகிறேன். இந்தப் பொருளை நிகழ்ச்சி நிரலில் மறுபடி சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். நேரில் வரச் சொன்னால் வருகிறேன், எனக்குப் பத்து நிமிடம் போதும். அதுவரை அந்த அட்டைப்பெட்டியைத் தொடக்கூடாது என்று எழுத்தில் ஒரு உத்தரவு வேண்டும்.

அளவுப் பலகை என் வீட்டில் இருக்கிறது. திருப்பிக் கொடுக்கச் சொல்லி உங்கள் கிடங்கிலிருந்து இரண்டு முறை அழைத்துவிட்டார்கள். மூன்றாம் முறை அழைத்தாலும், இந்தக் கடிதத்துக்குப் பதில் வந்த பிறகுதான் தருவேன்.

இப்படிக்கு,
களப்பணியாளர் ஒருத்தி